கூட்டி வைத்த வெளிச்சம்

சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் தியேட்டர் ஆபரேட்டர்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. "உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க பாய், புதுசா வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு சின்ன அறையில் நின்று, சுவரில் இருக்கும் சதுர ஓட்டை வழியாகப் படம் பார்த்தவன் நான். என் அனுபவத்தை முதுகுவலி என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். அப்படித்தான் சொன்னேன். அவர்கள் டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் கேட்டார்கள்.

ஆகவே எழுதுகிறேன், தம்பிகளே. பிலிமை எப்படி மாட்டுவது, வெளிச்சத்துக்காக எரியும் கார்பன் குச்சியை எப்படி வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் இந்நேரம் உங்கள் முதலாளி உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். நம் வேலையில் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. டிக்கெட் கிழிப்பவரால் அதைச் செய்ய முடியாது, முதலாளியாலும் முடியாது.

ஐம்பதுகளின் நடுவில் திருச்சியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தியேட்டரில் எனக்கு வேலை. அப்போது வயது இருபத்தாறு. அத்தாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருடங்களில் மவுத்தாகிவிட்டார்கள். பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை அறை. அறையிலிருந்து தியேட்டர், தியேட்டரிலிருந்து அறை. சில நாட்களில் டீக்கடைக்காரரிடம் "ஒரு டீ" என்று சொன்னதைத் தவிர வேறு வார்த்தையே பேசியிருக்க மாட்டேன். இது பெருமை இல்லை, இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வரவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஐந்நூறு பேருக்கு நடுவில் இருப்போம், ஒருவரும் நம் பக்கம் திரும்ப மாட்டார்கள். படம் அறுந்தால் மட்டும் ஐந்நூறு பேரும் திரும்புவார்கள்.

எங்கள் தியேட்டரில் எப்போதும் தமிழ்ப் படம். ஞாயிறு காலை பத்தரை மணிக்கு மட்டும் இங்கிலீஷ் படம். ஒரு படத்தை இரண்டு ஞாயிறு ஓட்டுவது வழக்கம். காலேஜ் மாணவர்கள் கொஞ்சம், பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஆங்கிலோ இந்தியர்கள் கொஞ்சம், வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள் கொஞ்சம் என்று கூட்டம் சுமாராக இருக்கும். வந்த பெட்டிகளில் பாதி அமெரிக்கக் கொலைப் படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. பட்டணத்தில் ஓடி ஓய்ந்து, கீறல் விழுந்து எங்களிடம் வரும். நாங்கள் அவற்றை இருட்டுப் படம் என்போம். அந்த வகைக்கு ஃபிலிம் நுவார் என்று பெயர், நுவார் என்றால் பிரெஞ்சில் கறுப்பு என்று பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். பிரெஞ்சுக்காரனும் எங்களைப் போலவே பெயர் வைத்திருக்கிறான் என்று சந்தோஷமாக இருந்தது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயன் இல்லை, மிஷின் போடும் சத்தத்தில் வசனம் காதில் விழாது. அதனால் அந்தப் படங்களை நான் கண்ணால் மட்டும் பார்த்தேன். நம் படங்களில் நடுராத்திரிக் காட்சி என்றாலும் கதாநாயகியின் மூக்குத்திக் கல் வரைக்கும் தெரியும். இவற்றில் பட்டப்பகலிலும் பாதி முகம்தான் தெரியும். ஜன்னல் பட்டைகளின் நிழல் ஒருவன் சட்டையில் கோடு கோடாக விழும். மழை பெய்து ஓய்ந்த தெருவில் ஒருவன் நடந்து வருவான், அவன் வருவதற்கு முன்பே அவன் நிழல் வந்துவிடும். ஒரு பெண் சிகரெட் பற்றவைப்பாள். அந்தத் தீக்குச்சி எரிகிற நேரம்தான் அவள் முகத்தைப் பார்க்கலாம். அதற்குள் அவள் பொய் சொல்கிறாளா இல்லையா என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அந்தக் கதாநாயகனுக்குத் தாய் கிடையாது. கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தங்கை கிடையாது. சிரிக்க வைக்கக் கூடவே ஒரு நண்பன் கிடையாது. வாடகை அறையில் தனியாக உட்கார்ந்திருப்பான். தோற்கப் போகிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புவான். அவனைப் பார்க்கும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. உலகத்தின் அந்த மூலையிலும் ஒருவன் என்னைப் போல ஒரு சந்தில், ஒரு அறையில் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

சில படங்களில் முடிவை முதலில் காட்டிவிட்டு, ஆள் எப்படி அங்கே வந்து சேர்ந்தான் என்று பின்னால் சொல்வார்கள். முதல் தடவை அப்படி ஒரு படம் வந்தபோது ரீல் மாறிவிட்டது என்று நினைத்து அவசர அவசரமாக வரிசையை மாற்றி ஓட்டினேன். முதலில் செத்தவன் கடைசியில் செத்தான். ஜனங்களும் நியாயம்தான் என்று பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். பொன்மலையிலிருந்து வரும் ரயில்வே கார்டு ஒருவர் மட்டும் மாடிப்படி ஏறி வந்து பிடித்துக்கொண்டார். ஆங்கிலோ இந்தியர், ஆறடி உயரம், தடித்த குரல்.

"என்ன மேன், உனக்கு அறிவு இருக்கா? அந்த ஆள் எப்படிச் செத்தான்னு தெரிஞ்சுக்கத்தானே நாங்க உட்கார்ந்திருக்கோம்?"

திட்டிவிட்டு அப்படியே போகவில்லை. எனக்குக் கதையைச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் இடைவேளையில் வந்து சொல்வார். "வெளிச்சத்தை மட்டும்தான் லைட் வெச்சு செய்யறான்னு நினைக்காதே மேன். இருட்டையும் அவன் உட்கார்ந்து செஞ்சிருக்கான்" என்று ஒரு தடவை சொன்னார். அந்தப் படங்களைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுரை படித்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் யாரும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை.

அதே காலைக் காட்சிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். குளித்து, நெற்றியில் பளிச்சென்று நாமம் போட்டு, கையில் குடையோடு பஸ்ஸில் வந்து மெயின்கார்டு கேட்டில் இறங்கி நடந்து வருவார். திருச்சியில் ஒரு அச்சகத்தில் புரூப் பார்க்கிறவர். மனைவி இறந்து நாலு வருடம், அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்று கேட் கீப்பர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எங்கள் தியேட்டரில் எல்லோரும் அவரைப் புரூப் ஐயங்கார் என்போம். எப்போதும் நடுப் பகுதியில் அதே நாற்காலி. ஒரே படத்துக்கு இரண்டு ஞாயிறும் வருவார். நாமம் போட்டவருக்கு அமெரிக்கக் கொலைகாரனிடம் என்ன வேலை என்று நாங்கள் சிரிப்போம்.

ஒரு ஞாயிறு படம் முடிந்ததும் அவர் மேலே ஏறி வந்தார். படி படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி, வாசலிலேயே நின்றார்.

"பாய், ஒண்ணு கேக்கணும். இன்னிக்குப் படம் ரொம்ப இருட்டா இருந்துதே. அது படமே அப்படியா, இல்லே மிஷின்ல ஏதாவதா?"

தம்பிகளே, இந்த இடத்தில் நிறுத்திப் படியுங்கள். அன்றைக்கு மிஷினில் ஒரு குறையும் இல்லை. கார்பன் புதிது. கார்டு அப்போதுதான் வந்து, படம் ஜோராக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "படமே அப்படித்தான் சாமி, மத்தவங்களுக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டிக்கெட் வாங்கிய ஒருவர் குறை சொல்லி, அது மேனேஜர் காதுக்குப் போனால் வம்பு. நம் தொழிலில் நமக்கெல்லாம் ஒரு பதில் மனப்பாடம். அது தானாகவே வாயில் வந்தது.

"கார்பன் சரியில்லைங்க. அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு இருட்டுப் படத்துக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன். "அப்படியா, மிஷின்தானா, சரி சரி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே. அடுத்த ஞாயிறு மிஷின் விளக்குக்குப் போகும் கரண்டைக் கொஞ்சம் கூட்டினேன். திரை பளிச்சென்று ஆனது. இடைவேளையில் அவர் திரும்பி, என் ஓட்டையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அதுவரை எந்த மனிதரும் கீழேயிருந்து என்னைப் பார்த்துக் கையை உயர்த்தியதில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்தக் கைக்காகவே அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். எங்களுக்குள் ஒரு பாஷை உண்டானது. இருட்டான காட்சி வரும்போது அவர் தலை மெதுவாகப் பின்பக்கம் திரும்பும். நான் வெளிச்சத்தைக் கூட்டுவேன். தலை முன்பக்கம் திரும்பிவிடும். இரண்டு மாதத்தில் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டி வந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம். பிலிம் சூடாகி வாசனை வரும் அளவுக்கு ஆனது. ஒரு வார்த்தை பேசாமல் இப்படியே பத்து மாதம் ஓடியது.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினால் பொய். விளக்கு அணைந்த பிறகு அவர் எழுந்தால் காலால் தரையைத் தடவித் தடவி நடப்பதை மேலேயிருந்து பார்த்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் இடித்துக்கொள்வார். மற்றவர்களுக்கு வெளிச்சம் போதும், இவருக்கு மட்டும் போதவில்லை என்பது புரியத்தான் செய்தது. வயதாகிறது, பாவம், நம்மால் முடிந்தது மீட்டரில் நாலு கோடு வெளிச்சம், கொடுத்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகும் என்று யாருக்குத் தெரியும்.

பத்தாவது மாதம் ஒரு ஞாயிறு இடைவேளையில் கார்டு புயல் மாதிரி ஏறி வந்தார். அன்றைய படத்தில் ஒரு மாடிப்படி வரும். படிக்குக் கீழே இருட்டில் ஒருவன் காத்துக்கொண்டிருப்பான். சிகரெட் நெருப்பு மட்டும்தான் தெரிய வேண்டும். மேலேயிருந்து அந்தப் பெண் இறங்கி வருவாள். நான் வைத்த வெளிச்சத்தில் அவன் தொப்பி, மூக்கு, கையில் இருந்த துப்பாக்கி எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

"கொன்னுட்டே மேன், படத்தைக் கொன்னுட்டே. கறுப்பு எங்கே? எல்லாம் சாம்பலா இருக்கு. அவன் யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா அந்தப் பொண்ணுக்காக நாங்க எதுக்குப் பயப்படணும்?"

சத்தம் கேட்டு மேனேஜரும் வந்துவிட்டார். "என்னய்யா, லைட்டை மாத்திட்டியா?" என்றார். ஓட்டை வழியாகப் பார்த்தேன். கீழே ஐயங்கார் திரும்பி உட்கார்ந்து கையை உயர்த்திக்கொண்டிருந்தார். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. கார்டு சொன்னது முழுக்க நியாயம், எனக்கே அந்தப் படத்தைப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனாலும் "பிரிண்ட் அப்படிங்க, பழசு" என்றேன். மேனேஜர் இறங்கிப் போய்விட்டார். கார்டு மட்டும் நம்பவில்லை. முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய் வேண்டியிருந்தது. அதுவும் நம் தொழிலில் மனப்பாடமான பதில்தான்.

அதற்கு அடுத்த ஞாயிறு நான் ஊரில் இல்லை. சித்தப்பா மகளுக்கு மணப்பாறையில் நிக்காஹ். எனக்குப் பதிலாக வேறு தியேட்டரிலிருந்து ஒரு ஆபரேட்டர் வந்து அதே படத்தை ஓட்டினார். ஒழுங்கான மனிதர். விளக்கு எந்த அளவில் இருக்க வேண்டுமோ அந்த அளவில் வைத்தார்.

அதற்குப் பிறகு புரூப் ஐயங்கார் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அந்த நாற்காலியைப் பார்த்துப் பார்த்து எனக்கு வேலையே ஓடவில்லை. நான்காவது வாரம் கார்டு மேலே வந்தபோது, அவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா? நீ ஊருக்குப் போன அன்னிக்கு என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார் மேன். அன்னிக்குத்தான் படம் படமா இருந்தது. மாடிப்படி சீன்ல என் கையைப் புடிச்சுக்கிட்டார். 'உங்களுக்கு ஏதாவது தெரியறதா'ன்னு கேட்டார். சிகரெட் தெரியுது, அந்தப் பொண்ணு தெரியுது, படி தெரியுதுன்னு சொன்னேன். 'படி தெரியறதா'ன்னு மறுபடியும் கேட்டார். 'போன வாரம் எனக்குத் தொப்பிகூடத் தெரிஞ்சுதே'ன்னார். போன வாரம் நம்ம பாய் லைட்டை ஏத்தி வெச்சிருந்தான், அதான்னு சொன்னேன். உடனே எழுந்துட்டார். நான்தான் கையைப் புடிச்சு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்."

மறுநாள் அச்சகத்துக்குப் போய் விசாரித்தேன். கண்ணில் ஏதோ கோளாறு, வேலைக்கு வருவதில்லை என்றார்கள். ஸ்ரீரங்கத்தில் எந்த வீதி என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

அங்கே போனதைச் சொல்லும் முன் தொழில் விஷயம் ஒன்று. அறுபதுகளில் நம் ஆட்களும் இருட்டைக் கற்றுக்கொண்டார்கள். கோடம்பாக்கத்திலிருந்து மர்மப் படங்கள் வர ஆரம்பித்தன. வில்லன் முகத்தில் ஜன்னல் பட்டை நிழல் விழுந்தது. துப்பறிகிறவர் மழைக்கோட்டும் தொப்பியுமாக வந்தார், திருச்சி வெயிலில் அதைப் பார்க்கவே நமக்கு வியர்க்கும். சிகரெட் பிடிக்கும் கிளப் நடனக்காரி கடைசி ரீலில் கதாநாயகனுக்குப் பதிலாகக் குண்டு வாங்கி, நல்ல பெயரோடு சாவாள். பாட்டு வந்தால் மட்டும் எல்லா விளக்கையும் போட்டுவிடுவார்கள், பாட்டு முடிந்ததும் மறுபடி அணைத்துவிடுவார்கள். நான் மேலே நின்று சிரித்துக்கொள்வேன். ஆனால் அந்த நிழல்களைப் பார்த்தால் தூரத்துச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருக்கும். இன்றைக்கும் கலர் படத்தில் ஒருவன் தன் நிழல் சுவரில் முன்னே போக மாடிப்படி ஏறினால், அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதை எடுத்தவருக்கே தெரியுமோ என்னவோ.

அந்தப் படங்கள் ஓடும்போது தரை டிக்கெட்டிலிருந்து "லைட்டைப் போடுய்யா" என்று குரல் வரும். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் உடனே கையைக் கொண்டுபோவார்கள். நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவேன். ஏன் இவ்வளவு கோபப்படுகிறீர்கள் என்று கேட்பார்கள். படத்தில் இருட்டு இருந்தால் அது அங்கே இருக்கட்டும், யாருக்கு எது தெரியவில்லை என்று அவர்களே தெரிந்துகொள்ளட்டும் என்பேன். அவர்களுக்குப் புரிந்திருக்காது. படத்தைப் பற்றியே இவ்வளவு எழுதிக்கொண்டு போவது ஸ்ரீரங்கம் போனதை எழுதத் தயக்கமாக இருப்பதால்தான். எழுதிவிடுகிறேன்.

மேட்னிக்கு முன்னால் திரும்பிவிடலாம் என்று காலையில் பஸ் ஏறினேன். உத்தர வீதியில் அவர் அண்ணன் வீடு. வாசலில் நின்று குரல் கொடுத்தேன். அவரே வந்தார். பகல் வெளிச்சத்தில் என் முகம் அவருக்குத் தெரிந்தது, ஆனால் நிலைப்படி தெரியவில்லை, இடித்துக்கொண்டார். என்னை உள்ளே கூப்பிடும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை என்பது எனக்கும் தெரியும். "நடப்போமா பாய்" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா மண்டபம் வரைக்கும் மெதுவாக நடந்து போய்ப் படித்துறையில் உட்கார்ந்தோம். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

அவரே ஆரம்பித்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டு வருகிறதாம். நேராகப் பார்த்தால் தெரியும், ஓரமெல்லாம் போய்விட்டது. போனது திரும்பாது, இருப்பதும் கொஞ்ச நாள்தான்.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா மருந்து விட்டு இருக்கறதையாவது காப்பாத்தியிருப்பேன்னார் டாக்டர். எங்க அப்பாவுக்கும் இதே வியாதிதான். பகல்ல பொடி எழுத்தெல்லாம் படிச்சிண்டே இருந்தார். அவருக்கு முதல்ல இருட்டுலதான் பார்வை போச்சு. அதனால எனக்கும் அப்படி ஆரம்பிக்கறதான்னு பார்த்துண்டே இருப்பேன். நான் புரூப் பார்க்கறவன், கண் போனா சோறு போச்சு. வீட்டுல எங்கே இருட்டுல போய் சோதிச்சுக்கறது? யாராவது கேப்பா. அதான் உங்க தியேட்டருக்கு வர ஆரம்பிச்சேன். அந்தப் படத்துல எவ்வளவு தெரியறது, போன வாரம் எவ்வளவு தெரிஞ்சுதுன்னு கணக்கு வெச்சுப்பேன். இரண்டு ஞாயிறு ஒரே படம் போடறேளே, அது ரொம்ப சௌகரியமா இருந்தது." கொஞ்சம் சிரித்தார். "அப்புறம் படமும் பிடிச்சுப்போச்சு. அதுல வரவாளுக்கும் பேச ஆள் கிடையாது."

அந்த இருட்டை வைத்துத்தான் அவர் தன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் நான் வாரா வாரம் துடைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். கண் ஒரு பிடி குறைந்தால் நான் வெளிச்சம் ஒரு பிடி கூட்டினேன். பத்து மாதமும் அவருக்கு எல்லாம் தெரிந்தது. டாக்டரிடம் போக அவருக்குக் காரணமே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கார்பன் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னேன். கரண்டைக் கூட்டியதைச் சொன்னேன். அவர் தடுமாறுவதைப் பார்த்தும் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். "உங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சேங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். தண்ணீர் இருக்கும் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"பாய், நான் அன்னிக்கு மேலே ஏறி வந்து உங்களைக் கேட்டேனே. படமா, மிஷினான்னு கேட்டேன்."

"ஆமாங்க."

"என் கண்ணான்னு கேக்க எனக்குத் தைரியம் வரலை. நீங்க சொல்லிடுவேள்னு நினைச்சேன்."

வெயில் ஏறியதும் எழுந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். படி வரும் இடங்களில் "படி" என்று நான் சொன்னேன், அது ஒன்றுதான் வழியெல்லாம் நான் பேசியது. வீட்டு வாசலில் கையை எடுத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நாழியாயிடும், கிளம்புங்கோ" என்றார். இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லவில்லை.

நானும் போகவில்லை. திட்டுவார் என்று நினைத்தா போகாமல் இருந்தேன்? இல்லை. திட்டாமல் மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொள்வாரே, அதைத் தாங்க முடியாது என்று போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவர் அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். மூன்று மைலில் இருந்தார். போய் ஒரு படத்தின் கதையைச் சொல்லியிருக்கலாம், அந்த மாடிப்படியில் உண்மையில் என்ன தெரிந்தது என்றாவது சொல்லியிருக்கலாம். பதினொரு வருடம் கழித்து அவர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.